வின்சன்ட் அடிக்காத அடி

பிரஷாந்தினி எடுத்த ஆவணப்படத்தில், வின்சன்ட் 1988இல் மொன்ட்ரியாலுக்கு வந்ததாக எழுத்து விழுகிறது. அவர் வந்தது 1989 நவம்பரில். அவர் பாத்திரம் கழுவிய சிறிய உணவகத்தைப் படம் பெரிய ஹோட்டல் என்கிறது. இவற்றைப் பார்த்து அவரே சிரித்துவிட்டு விட்டார். இன்னொரு பிழை இருக்கிறது. அதை அவர் சிரித்துவிட்டு விடவில்லை.

வின்சன்ட் மன்னார்ப் பேசாலைக்காரர். அந்த உணவகத்தில் பிரேசில் நாட்டுச் சமையல்காரர் ஒருவர், வேலை முடிந்ததும் சட்டியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போடுவார். ஒருநாள் வின்சன்ட் அலுமினியத் தட்டில் அவருக்குப் பதில் அடித்தார். அப்படியே அவருடைய சம்பா மேளக் குழுவுக்குள் போனவர், பின்னர் அதை நடத்துபவராகவும் ஆனார். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் தமிழ், ஹெயிற்றிப் பிள்ளைகள் பலர் அவரிடந்தான் மேளம் பழகினார்கள். யூலை மாதக் கொண்டாட்ட ஊர்வலத்தில் அவருடைய குழு வரும்வரை சனம் கலைவதில்லை.

அந்தத் தாளத்துக்குப் பெரிய மேளங்கள் இரண்டு வேண்டும். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். கேட்கும் மேளம் வின்சன்டுடையது. பதில் மேளம் அவருடைய நண்பர் யோசெப்புடையது.

வின்சன்டின் மனைவி றோசா சபனெல் தெருத் தையற்சாலையில் வேலை செய்தவர். குழுவின் உடுப்பு முழுவதையும் குளிர்காலங்களில் வீட்டிலிருந்து தைத்தவர் அவர்தான். ஆடியதில்லை. ஊசி நூலும் தண்ணீர்ப் போத்தலுமாக நடைபாதையில் கணவருக்குச் சமமாக நடந்து வருவார். வின்சன்டுக்கு உற்சாகம் ஏறினால் அடி விரையும். அப்போது நடைபாதையிலிருந்து குரல் வரும்.

"ஓடாதேங்கோ."

"நான் எங்கை ஓடுறன்? நீர்தான் பிந்தி வாறீர்."

இது ஒவ்வொரு வருடமும் நடக்கும்.

றோசா 2023 மார்ச்சில் இறந்தார். அந்த வருடத்து உடுப்புகளின் கடைசிப் பொத்தான்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தைத்து முடித்திருந்தார். தேவாலயத்தில் ஆண்டுப் பூசை முடியும்வரை துக்கவீட்டார் கொண்டாட்டங்களுக்குப் போவதில்லை. ஆனால் றோசா தைத்த உடுப்போடு குழுப் பிள்ளைகள் தெருவில் இறங்கும்போது தகப்பன் ஊர்வலத்துக்குப் போகப் போகிறார் என்று அறிந்ததும், மகள் ஜென்சி பக்கத்து நகரான லவாலிலிருந்து வந்துவிட்டார்.

"அம்மா போய் நாலு மாசம் அப்பா. நீங்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போறியளோ?"

"தூக்கிக்கொண்டுதான் போறன். அடிக்கப்போறேல்லை."

"அடிக்காமல் என்னத்துக்கு?"

"அவ தைச்ச உடுப்பு பிள்ளை. கூட நடக்கவேணும்."

"சத்தியமா அடிக்கமாட்டியளோ?"

"கொம்மாவாணை அடிக்கமாட்டன்."

தாய்மேல் இட்ட அந்தச் சத்தியத்தை ஜென்சி புரோசார்டிலிருந்த சித்திமாருக்கும் தொலைபேசியில் சொல்லிவைத்தார். ஊர்வலத்துக்கு அவர் போகவில்லை.

வின்சன்ட் மேளத்தின் முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நடந்தார். யோசெப் கேள்விக்கு இடம் விட்டுப் பதிலை மட்டும் அடித்தார். முதலில் ஆடும் பிள்ளைகளின் கால் தடுமாறியது. பிறகு அந்த வெறுமைக்கும் கால் பழகிவிட்டது. பிரஷாந்தினியின் கமரா பின்னாலிருந்து வின்சன்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தது.

நவம்பரில் தேவாலயக் கீழ்மண்டபத்தில் படம் காட்டினார்கள். கடைசிக் காட்சி அந்த ஊர்வலம். திரையில் வின்சன்டின் முதுகு அசைய, பெரிய மேளம் இரண்டும் கேள்வியும் பதிலுமாக முழங்கின. மண்டபம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்த விமலநாதன் என்பவர் திரும்பி, "அண்ணை, கறுப்புத் துணிக்குள்ளாலயும் நல்லா இடிச்சிருக்கிறியள்" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜென்சியின் இருபக்கமும் சித்திமார் இருந்தார்கள்.

வாசலில் பிரஷாந்தினி சந்தோசமாக ஓடிவந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த படம்.

"அங்கிள், கடைசி எப்பிடி இருந்தது?"

"நல்லாயிருக்குது பிள்ளை" என்றார் வின்சன்ட்.

அன்று காரில் மகளிடம், "நான் அடிக்கேல்லை" என்று சொன்னார்.

"சரி அப்பா."

யோசெப்பும் லவாலுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். "பக்கத்தில நிண்டவன் நான். சொல்லுறன், அடிக்கேல்லை."

"நீங்கள் அப்பாவின்ர ஆள்தானே, யோசெப் மாமா."

ஜென்சி தகப்பனோடு கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தார், மருந்து எடுத்துக் கொடுத்தார், கோட்டைக் கழற்றாமலே திரும்பினார். படத்தைப் பற்றிப் பிரஷாந்தினியிடம் கேட்கச் சொல்லி யோசெப் வற்புறுத்தியபோது, வின்சன்ட் மறுத்துவிட்டார். "அந்தப் பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது. நான் குறை சொன்னால் அதுக்கு ஆறாது."

2024 பெப்ரவரியில், றோசாவின் ஆண்டுப் பூசைக்கு முன்பே, வின்சன்ட் மாரடைப்பால் இறந்தார்.

மரணச்சாலையில் பிரஷாந்தினி அழுதுகொண்டு நின்றாள். "அங்கிள் திரும்பவும் அடிக்கிறதை எடுக்கவேணும் எண்டு இருந்தனான் அக்கா."

"அதுதான் அம்மா செத்த வருசமே அடிச்சவர்தானே" என்றார் ஜென்சி.

"இல்லையே. அண்டைக்கு அவர் அடிக்கேல்லை. கேள்வி அடி இல்லாட்டில் சவுண்ட் பழுது எண்டு சனம் நினைக்கும் எண்டு ஸ்ரூடியோக்காரர் சொல்லிச்சினம். நாங்கள் ஸ்ரூடியோவில பிறகு போட்ட அடி அது." அவள் ஜென்சியின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

ஜென்சி போய்ப் பெட்டியருகே இருந்தார்.

அடக்கம் முடிந்த கிழமை பிரஷாந்தினி கணினியோடு லவாலுக்குப் போனாள். படத்தை இனி மாற்ற முடியாது, பல இடங்களுக்கு அனுப்பியாகிவிட்டது என்றாள். கொண்டுபோனது ஊர்வலத்தன்று வின்சன்டின் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த சின்ன மைக்கின் ஒலி. படத்தில் சேராதது. அவளும் அதை முழுதாகக் கேட்டதில்லை.

குசினி மேசையில் வைத்துப் போட்டார்கள். தெரு இரைச்சல், சின்ன மேளங்கள், அருகிலே யோசெப்பின் ஒற்றை அடி. கேள்வி வரவேண்டிய இடத்தில் மேளம் இல்லை. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. சற்று நேரத்தில், அந்த இடம் வரும்போதெல்லாம், நடைபாதைப் பக்கம் தலையைத் திருப்பிச் சொல்வதுபோல வின்சன்டின் குரல் மெதுவாக வந்தது.

"ஓடேல்லை, றோசா."

யோசெப்பின் அடி.

"ஓடேல்லை."

பிரஷாந்தினி நிறுத்தப் போனாள். ஜென்சி அவள் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ" என்றார். "முடியுமட்டும் போகட்டும்."