விருந்தாளிக்குக் காத்திருந்த படகு

லெய்தாங்கி அக்கா எனக்குப் பெரியம்மா மகள். எங்கள் தீவின் மருந்தறையை இருபத்திரண்டு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. தலைநகர் விலாவில் ஆறு வாரப் பயிற்சி, அவ்வளவுதான். கிழங்கு நிறுக்கிற தராசில் துணியைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை எடை போடுவாள். தீவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். எவனாவது மருந்துக்கு முகம் சுளித்தால் போச்சு. "சாயங்காலம் போதைக்குக் குடிக்கிற காவா மட்டும் மடக்கு மடக்குன்னு இறங்குதோ? அது கசக்கலையோ?" என்று பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஆசை, ஒரு நல்ல படகு. டாக்டர் பெரிய தீவில்தான் இருக்கிறார். என் பழைய படகில் நாலு மணி நேரம், அதுவும் என் இஞ்சினுக்கு மனசு இருந்தால். வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்பது வருஷம் கேட்டாள். கொடுத்ததெல்லாம் கை கழுவுகிற படம் போட்ட சுவரொட்டிகள். "அக்கா, இதையெல்லாம் ஒட்டியே ஒரு படகு செஞ்சிரலாம்" என்று நான் கேலி செய்தேன்.

"செஞ்சா உன் படகைவிட வேகமாத்தான் போகும்டா தசாரு" என்றாள்.

போன பிப்ரவரியில் சரக்குக் கப்பல் நிஜமாகவே ஒரு படகை இறக்கியது. வெள்ளைப் படகு, பெரிய இஞ்சின், மேலே கூரை, நோயாளி படுக்க மெத்தை. ஒரு மணி நேரத்தில் பெரிய தீவைத் தொட்டுவிடும். அக்கா மணலில் உட்கார்ந்து அழுதாள். ஓட்டுவதற்கு ஊரார் என்னை வைத்தார்கள். கொடுத்தவர்கள் ஏப்ரலில் வருவார்கள், சின்னதாக விழா எடுக்கலாம் என்று கூடவே ஒரு கடிதம்.

எங்கள் வழக்கம் இது: கொடுத்தவர் தன் கையால் கொடுக்க வேண்டும், நாங்கள் பன்றி அடித்து, பாய் கொடுத்து மரியாதை செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பொருள் எங்களுடையது. முன்னால் தொட்டால் திருட்டு மாதிரி. படகைத் தொடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன, எங்களுக்குத் தெரியாதா! தென்னங்கட்டைமேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினோம். வாரம் ஒருமுறை அக்கா போய் உப்பைத் துடைத்துவிட்டு வருவாள்.

ஏப்ரலில் புயல். விழா மே என்றார்கள், மே போய் ஜூன் ஆனது. நடுவில் கல்மெட் தாத்தா ரொட்டிப்பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் மகன்கள் புதுப்படகைக் கேட்டார்கள். "விருந்தாளி வரட்டும். ஊர் மானம் போயிரும்" என்று அக்காதான் மறித்தாள். என் படகில் கொண்டுபோனோம். ஒவ்வொரு அலைக்கும் மனுஷர் கதறினார். கால் கோணலாகத்தான் கூடியது.

ஜூன் முதல் வாரம் அக்காவின் ஒரே மகள் எஸ்லினுக்கு வலி எடுத்தது. காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை. குழந்தை நன்றாக இருந்தது. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. அக்கா இருந்த ஊசியைப் போட்டாள், அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள், தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தாள்.

ஊர்த் தலைவர் ஓடிவந்தார். "புதுப்படகைத் தள்ளுங்கடா! கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்!"

"வேண்டாம் தலைவரே" என்றாள் அக்கா. முழங்கை வரை ரத்தம். "கல்மெட் தாத்தாவுக்கு இல்லைன்னவ நான். என் மகளுன்னா மட்டும் எடுப்பேனா? அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?"

"வாயை மூடிட்டு உன் படகை எடுடா!"

கல்மெட் தாத்தாவின் மூத்த மகன் அங்கேதான் நின்றிருந்தான். எடுத்துக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைச் சொல்லி என்ன, நானே தார்ப்பாயைக் கிழித்துப் படகைத் தள்ளியிருக்கலாம். அக்கா சொல்லை மீற எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"அம்மா, குளுருதும்மா" என்றாள் எஸ்லின், நடுக்கடலில், நல்ல வெயிலில்.

"இதோ வந்துட்டோம்டி கண்ணு. கரை தெரியுது பாரு."

கரை எங்கே தெரிந்தது? என் இஞ்சின் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஒருவழியாக அது உறுமியபோது அக்கா என் முதுகைத் தொட்டாள். "மெதுவாவே போ தம்பி. இனிமே அவசரமில்லே."

பத்து நாள் கழித்து விருந்தாளிகள் வந்தார்கள். பன்றி அடித்தோம், பாய் கொடுத்தோம். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா முன்வரிசையில் நின்றாள். வந்த வெள்ளைக்கார அம்மா நல்ல மாதிரி. திட்டலாம் என்றால்கூட மனசு வரவில்லை. படகைச் சுற்றிப் பார்த்தவள், ஒருநாளும் ஓடாத இஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் தெரிந்த எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. மறுபடி ஏதோ சொன்னாள். வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன சொல்றாங்க வாத்தியாரே?" என்றாள் அக்கா.

"விடுங்கம்மா."

"சொல்லுங்க."

"வந்த அன்னிக்கே ஓட்டியிருக்கலாமேங்கிறாங்க. அவங்க வர்றது போட்டோ எடுக்க மட்டும்தானாம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"மலைமேல ஏறினா சிக்னல் கிடைக்கும்டா. ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே. நான் கேக்கவே இல்லையேடா, தசாரு!"