மடை திறந்தவனைப் பற்றி ஒரு கட்டுரை

இன்டர்மீடியட் முதல் ஆண்டில் எங்கள் தமிழாசிரியர் ஒரு பருவக் கட்டுரை எழுதச் சொன்னார். அந்த ஆண்டு கல்லூரி மாணவர்களின் கதை, கவிதை, சித்திரங்களைத் தொகுத்து வெளியிட்ட மலரைப் பற்றிய கட்டுரை. மலரைத் தொகுத்தவர் அவர். முன்னுரை எழுதியவரும் அவர். அச்சுப் பிழை பார்த்தவரும் அவர்தான், பக்கத்துக்குப் பக்கம் அது தெரிந்தது. இப்போது மாணவர்கள் அதை ஆராய்ந்து எழுத வேண்டுமாம், அவரே மதிப்பெண் போடுவாராம். தன் கழுத்துக்கு மாலை கட்ட எங்களைப் பூப்பறிக்க அனுப்புகிறார் என்று வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. உலகச் சண்டைக் காலம் அது. பாடப்புத்தகம் அச்சடிக்கவே காகிதம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த மலருக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

"மலரின் தலைசிறந்த படைப்பு எது? சான்றுகளுடன் நிறுவுக." இதுதான் கேள்வி. விடையை முன்னுரையிலேயே அவர் சொல்லியாயிற்று. 'மண்வெட்டி விருந்து' என்ற நகைச்சுவைச் சித்திரம். எழுதியவன் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன், மதுரை வக்கீல் ஒருவரின் மகன். அதில் வரும் கோமாளி என் தகப்பனார்.

அவனை ஊருக்கு அழைத்துப்போனது நான்தான், வேறு யாரை நோவது? தீபாவளி விடுமுறை. எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், அதனால் பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்தான் கதி. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பஸ் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அவனும் தள்ளினான். தள்ளிக்கொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். மனிதன் எவ்வளவு கலகலப்பாகப் பழகுகிறான் என்று எனக்குப் பெருமை. அவ்வளவுதான் என் விவரம்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து அவன் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் வீட்டில் தீபாவளியன்றுதான் இட்லி அவிப்பார்கள். அவன் இருந்த நாளெல்லாம் ஆத்தா இட்லி அவித்தாள். வெளியாட்கள் முன்னால் வந்து நிற்கும் வழக்கம் அவளுக்கு இல்லை, கதவோரம் நின்றே, "இன்னொண்ணு வச்சுக்கிடச் சொல்லுலே, தம்பி வயிறு காஞ்சு போயிருக்காக" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்போது முதல் போகம் அறுத்து முடிந்து, இரண்டாம் போகத்துக்கு வயலில் தண்ணீர் கட்டும் சமயம். ஒவ்வொரு போகத்துக்கும் வாய்க்கால் கரையை வெட்டி வயலுக்குள் முதல் தண்ணீரை விடுவதை எங்கள் வீட்டில் முதல் மடை என்போம். அதை எவனும் போய் வெட்டிவிட முடியாது. யாருடைய கை நன்றாக இருக்கவேண்டும் என்று வீடு நினைக்கிறதோ, அவர் கையில்தான் அய்யா மண்வெட்டியைக் கொடுப்பார். அக்காள் கல்யாணமான வருஷம் அவள் புருஷனிடம் கொடுத்தார். நான் காலேஜில் சேர்ந்ததும், "இந்தப் போகம் நீதான்லே வெட்டணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சிறுவயதிலிருந்து நான் ஆசைப்பட்டுக் காத்திருந்தது அது.

அன்று காலையில் வரப்பில் நின்று, மண்வெட்டியை அவனிடம் நீட்டினார். "விருந்தாளி வந்திருக்காக. நீ அடுத்த போகத்துக்கு வெட்டிக்கலாம்" என்றார் என்னிடம். அவன் பூட்ஸைக் கழற்றி வைக்க, அய்யா தன் தோள் துண்டை மடித்து வரப்பில் போட்டார். அவன் நாலு வெட்டு வெட்டினான், மண் சரிந்தது, தண்ணீர் உள்ளே போயிற்று. அய்யா தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் என் சிநேகிதனுக்கு என் வீட்டில் கிடைத்த மரியாதை அது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

'மண்வெட்டி விருந்து' இதையெல்லாம் விடாமல் சொல்லியிருந்தது. பட்டணத்துப் பிள்ளைக்கு நாலு இட்லியைப் போட்டுவிட்டு, அதற்குக் கூலியாக வயலில் மண் வெட்ட வைக்கிற கஞ்சக் குடியானவன். வேலை முடிந்ததும் பிள்ளையின் காலைப் பார்த்துக் கும்பிடுகிறான். பூட்ஸைத் துண்டில் வைத்துத் தாங்குகிறான். வாயைத் திறந்தால் வந்தாக, போனாக. வீட்டுக்காரி கதவுக்குப் பின்னாலிருந்து அதட்டுகிற ஒரு குரல். மலர் வெளியீட்டு விழாவில் அவன் இதை அய்யாவின் குரலிலேயே வாசித்துக் காட்டினான். ஹால் குலுங்கிச் சிரித்தது. தமிழாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அழுகை அல்ல, கோபம். அவனை அங்கேயே அறையாமல் விட்டோமே என்று இன்றைக்கும் கை துடிக்கிறது.

கட்டுரையைப் பொங்கல் விடுமுறையில் எழுதி முடிக்க வேண்டும். மலரைப் பெட்டியின் அடியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி நம் வீட்டைப் பற்றி எழுதிப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று செய்தி எனக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து மதுரையில் படித்தவன் நான் ஒருவன் மட்டுமா? அய்யா ஏற்கெனவே நாலுபேரிடம் சொல்லி மகிழ்ந்தும் விட்டார்.

"எங்கன இருக்கு அந்தப் பொஸ்தகம்? எடுலே."

"பிறகு நான் வாசிச்சுக் காட்டுறேன்யா."

"ஏன், எனக்கு எழுத்து தெரியாதாக்கும்?"

தெரியும். எழுத்துக்கூட்டி வாசிப்பார். கூடத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார். ஆத்தா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் வயலின் பசுமையும் மேற்கு மலையும் வந்தன. "நல்லாத்தான் எழுதிருக்கு பிள்ளை" என்றாள். அடுத்த பக்கத்தில் அய்யா வந்தார். தன்னைத்தான் திட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "க...ஞ்...சன்" என்று கூட்டினார். "கோ...மா...ளி" என்று கூட்டினார். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு நொடி. அவருக்கு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. பிடுங்கிவிடலாம் என்று எழுந்தேன், ஒரு கையால் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரி வரை வாசித்து முடித்தார்.

"யாரச் சொல்லிருக்காக?" என்றாள் ஆத்தா.

"யாரையோ. கதைதான" என்றார் அய்யா. மலரை மூடி என்னிடம் கொடுத்தார். "நீ இதுக்கு என்ன எழுதப்போற?"

"உள்ளதை எழுதுவேன்யா."

"எழுது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

எழுதினேன். முதல் மடை என்றால் என்ன, அதை யாருக்குக் கொடுப்பார்கள், துண்டை ஏன் விரித்தார், கும்பிட்டது எதை, எல்லாவற்றையும் எழுதினேன். பார்த்ததைப் புரிந்துகொள்ளாமல் எழுதியது நகைச்சுவை ஆகாது என்றும், சோறு போட்ட வீட்டைச் சந்தியில் நிறுத்தியது இலக்கியம் ஆகாது என்றும், மலரின் தலைசிறந்த படைப்பு இதுதான் என்றால் மற்றவை எப்படி இருக்கும் என்று படிக்காமலே தெரியும் என்றும் எழுதினேன். கடைசி வரி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை.

தமிழாசிரியர் கட்டுரைகளைத் திருப்பித் தந்த நாளில் என்னுடையதைத் தரவில்லை. "ஆராய்ச்சி எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு ஒன்று வாசிக்கிறேன்" என்று அதை வகுப்பில் வாசித்தார். அவர் குரலில் முதல் மடையும் துண்டும் இன்னொரு தடவை வேடிக்கையாகிவிட்டன. பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். அடியில் சிவப்பு மையில், 'நகைச்சுவை உணர்வு இல்லை. சொந்தக் கோபத்தைத் திறனாய்வு என்று எண்ணுகிறார்' என்று எழுதி, தேறுவதற்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தார். மணி அடித்ததும் அவன் என் தோளில் கை போட்டான்.

"கோவிச்சுக்கிட்டியாடா? எவனுக்கு உங்கப்பாவைத் தெரியும்? இப்ப காலேஜுக்கே தெரியும். நீ எனக்கு நன்றி சொல்லணும்."

கையை எடுத்துவிட்டேன். அதற்கும் சிரித்தான்.

ஜூன் மாதம் கல்லூரி திறக்குமுன், தேக்கடி பார்க்கப் போகிற வழியில் அவனாகவே எங்கள் ஊரில் வந்து இறங்கினான். அழைக்காமல் வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அய்யாவிடம் சொன்னேன். "வீட்டு வாசலுக்கு வந்தவுகள அப்பிடிச் சொல்லக் கூடாதுலே" என்றார். ஆத்தாவும் இட்லிக்கு ஊறப்போட்டாள். எனக்கு அவர்கள் மேலேயே ஆத்திரமாக வந்தது. இவ்வளவு கேட்டபிறகும் சொரணை இல்லையா என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் போகத்துக்கு முதல் மடை. மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் எங்களோடு வந்து, வரப்பில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

"குடுங்கய்யா. போன தடவை மாதிரியே வெட்டிடுவோம்."

அய்யா மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. துண்டும் அவர் தோளிலேயே கிடந்தது.

"வேண்டாம் தம்பி. சேறாக் கெடக்கு. நீங்க அங்கனயே நில்லுங்க" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, வா."

நான் வெட்டினேன். அவ்வளவு காலம் ஆசைப்பட்ட காரியம். ஒருத்தனுக்கு இல்லை என்று ஆன பிறகு கைக்கு வந்ததால், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. தண்ணீர் உள்ளே போனதும் அய்யா வழக்கம்போலக் கும்பிட்டார். திரும்பி வருகையில் அவன் என் காதோரம், "உங்கப்பா என்ன மரியாதை தெரிஞ்ச மனுஷன்டா! கால்ல சேறு பட விடமாட்டேங்கிறாரே" என்றான்.

அடுத்த ஆண்டு மலரிலும் அவன் எழுதினான். விருந்தாளியைச் சேற்றில் இறங்கவிடாத பண்பான குடியானவர் ஒருவரைப் பற்றி, உருக்கமாக. முன்னுரையில் அதற்கும் பாராட்டு இருந்தது. நான் அதை ஊருக்குக் கொண்டுபோய், "இந்தத் தடவை ஒங்கள ரொம்ப நல்லவிதமா எழுதிருக்கான்யா, வாசிக்கிறீகளா?" என்று கேட்டேன்.

அய்யா புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை.

"அப்ப அந்தத் தம்பிக்கு இன்னும் வெளங்கல" என்றார்.