சிங்கம் மனிதனைப் பிடிக்குமா?

எங்கள் அகதி விடுதியின் இரண்டாம் மாடிச் சமையலறையில், பருப்பு கொதித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், கணிதப் போட்டியில் பங்குபற்றுவோர் இனி உட்கார்ந்து அல்ல, நடந்துகொண்டே விடை காண்பார்கள் என்ற முடிவு எடுக்கப்பட்டது. எதிர்ப்பு இல்லை. பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தவர் கை உயர்த்த முடியாத நிலையில் நடுநிலை வகித்தார். சென்ற வாரம் ஹம்பேர்க்கிலிருந்து, அந்நாளில் எங்களோடு விடுதியில் இருந்த குகன் தொலைபேசியில், "சதா அண்ணை மோசம் போயிட்டார்" என்று மரணச் செய்தியைச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முடிவுதான்.

சதாசிவம் அண்ணையைப் பிற்காலத்தில் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தைப் பாதியில் விட்டு வந்தவர் அவர். ஜெர்மனியில் டோர்ட்மண்டை அடுத்த சிறு நகரத்தில், ஹைம் என்று நாங்கள் அழைத்த அகதி விடுதியில் என் அறையில் இருந்தார். அனுமதி இல்லாமல் எங்கள் மாவட்ட எல்லையை நாங்கள் தாண்டக்கூடாது. எல்லைக்கு அப்பால் டோர்ட்மண்டில், பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கணிதப் போட்டி நடந்தது. அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் போனார். மாணவர் அட்டை இல்லாதவருக்கு அனுமதி இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் பொலிஸ் பிடித்தது. இன்னொரு முறை பிடிபட்டால் நீதிமன்றம் என்றது.

"போட்டிக்கு நான் போக ஏலாது. போட்டி இஞ்ச வரட்டும்" என்றார் அண்ணை.

அப்படித்தான் எங்கள் போட்டி பிறந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் என்ற விதியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"இஞ்ச ஆர் அண்ணை மாணவன்? எல்லாரும் அகதி" என்றான் குகன்.

"உமக்குப் பட்டம் தந்தவங்களோ?"

"இல்லை."

"அப்ப நீர் இன்னும் மாணவன்தான்."

இந்த விதிப்படி எங்கள் ஹைம் மதிப்புமிக்க ஒரு கல்விக்கூடமாயிற்று. தமிழ் படித்த எனக்குக் கணிதம் சுத்தமாகத் தெரியாது. ஆகவே பக்கச்சார்பற்றவன் என்று என்னைக் கண்காணிப்பாளராக்கி, கையில் ஒரு விசிலையும் தந்தார்.

சமையலறையின் ஒரே மேசையில் எந்நேரமும் யாராவது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால்தான் நடக்கும் முடிவு வந்தது. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை காலை, அண்ணை கேள்வியைச் சொல்வார். தாளும் பேனையும் கிடையாது. கால்வாய்க் கரையோரம், எங்கள் எல்லை முடியும் இடத்தில் டோர்ட்மண்ட் என்று எழுதிய மஞ்சள் பலகைவரை போய்த் திரும்பி, விடையை அவர் காதில் சொல்ல வேண்டும். கரையும் நீரும் தெரியாத பனிமூட்டம். ஆட்களின் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இராது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொருவராக மிதந்து வருவார்கள். சரக்குப் படகு ஒன்று சத்தமில்லாமல் கடந்து போகும். அந்த ஒரு மணி நேரம் யாரும் எந்த நாட்டிலும் இருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டுக் கேள்வி இது: வட்டமான மதிலுக்குள் ஒரு சிங்கமும் ஒரு மனிதனும். இருவருக்கும் ஒரே வேகம். களைப்பு இல்லை. சிங்கம் மனிதனைப் பிடிக்குமா?

"சிங்கத்துக்குப் பயந்துதானே அண்ணை இஞ்ச வந்தனாங்கள். இஞ்சயும் அதோ?" என்று கேட்டுவிட்டுக் குகன் நடக்கத் தொடங்கினான்.

யாரும் தாண்டிவிடாதபடி பார்க்க, நானும் அண்ணையும் பலகையடியில், எல்லைக்கு இப்பால், நின்றோம். மற்றவர்கள் வந்து திரும்பினார்கள். குகன் கண்ணைத் திறந்தபடி வந்தான், எங்களைக் காணாமலே பலகையைத் தாண்டிப் போனான். நான் விசிலை வாயில் வைத்தேன்.

"ஊதாதையும் ஐசே! யோசனை கலைஞ்சிடும்."

"அப்ப ஆர் அவனைத் திருப்பிறது? நீங்கள் போனால் உங்களுக்குக் கோர்ட் நிச்சயம்."

"நீர் இஞ்ச நில்லும். போட்டிக்கு ஒரு அதிகாரி வேணும்" என்றவர், பலகையைத் தாண்டிப் பனிக்குள் போனார்.

போய் இழுத்து வருவார் என்று நினைத்தேன். குகன் நின்ற இடத்தில் அவரும் நின்றார். பொலிஸ் வண்டியின் விளக்கு மஞ்சளாகக் கரைந்து வந்து அவர்களருகே நின்றது. அண்ணையின் ஜெர்மன் தெளிவாகக் கேட்டது: "கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்."

பொலிஸ்காரர் இஞ்சினை நிறுத்தினார். நீர் கரையில் மோதும் ஓசை மட்டும் இருந்தது.

"பிடிக்கும் அண்ணை!" என்று குகன் கத்தினான். "ஒளிய மூலையில்லாத இடம். ஓடி ஓடிக் கடைசியில் பிடிச்சே தீரும்!"

"பிழை" என்றார் அண்ணை. "ஆனா நல்ல பிழை. சிங்கம் கிட்டக் கிட்ட வரும். தொடுறமாதிரி வரும். மனிசன் சரியாய் ஓடினால் பிடிக்காது."

பிறகு பொலிஸ்காரர் இருவருடைய அட்டைகளையும் கேட்டார்.

அண்ணையின் கணக்கு எதுவும் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. யோசிக்கும் மனிதரைக் கண்டால் தள்ளி நின்று காத்திருக்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. ஒருமுறையும் ஊதப்படாத அந்த விசிலும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

குகனுக்கு முதல் தடவை என்பதால் எச்சரிக்கை. அண்ணைக்கு மூன்று வாரம் சிறை. அடுத்த ஆண்டிலிருந்து போட்டி உட்கார்ந்தபடியே நடந்தது.