மூச்சில்லையா, அமுக்கு

மே மாதம், செவ்வாய்க்கிழமை, காலை. மரக்காணம் உப்பளச் சாலையில் என் தம்பி சைக்கிளிலிருந்து விழுந்தான். நான் உடனிருந்தேன். அவனுக்கு நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவ உதவியாளரான பெண் சோதித்தார். மூச்சு இழுத்தது, பின்பு நின்றது. அதன்பிறகே அவர் மார்பை அமுக்கினார். மருத்துவமனையில் இறப்பு உறுதி செய்யப்பட்டது.

அந்தப் பெண் கற்ற பாடத்தின் தமிழ் என்னுடையது. நான் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியன். முந்தைய ஆண்டு வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சியளித்தபோது மொழிபெயர்த்தேன். நினைவிழந்தவர் இயல்பாக மூச்சுவிடவில்லையெனில் உடனே மார்பை அமுக்க வேண்டும் என்றார் அவர். “மூச்சில்லையா, அமுக்கு” என்று சுருக்கினேன். ‘இயல்பாக’ என்ற சொல் நடையைக் கெடுத்தது, எடுத்துவிட்டேன். வகுப்பே கூடிச் சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “சார், இழுத்துக்கினே இருந்தா இன்னா பண்றது? எங்க மாமியாரு ரெண்டு வருசமா இழுத்துக்கினுதான் இருக்குது!”

“நீ அமுக்கிடாதடா, கேஸாயிடும்!” என்றார் பின்வரிசைக்காரர்.

என்ன சிரிப்பு என்று மருத்துவர் கேட்டார். மாமியாரைப் பற்றிய வேடிக்கை என்றேன். கேள்வியை மொழிபெயர்க்கவில்லை.

உப்பளச் சாலையில் அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: “பயப்படாதீங்க சார், மூச்சு இருக்குது. இழுக்குது பாருங்க.” பார்த்தேன். நிம்மதியும் அடைந்தேன்.

அடக்கம் முடிந்தபின், அடுத்த வகுப்புக்கான காணொளியைத் தமிழாக்க உட்கார்ந்தேன். விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு மூச்சல்ல, இதயம் நின்றதன் அடையாளம் என்றது ஆங்கிலக் குரல். அந்த ஒலியையும் போட்டுக் காட்டினார்கள். அதை நான் முன்பே கேட்டிருந்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, கோயில் வாசலில் அந்தப் பெண் காத்திருந்தார்.

“நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் பண்ணேன் சார். எங்கனா தப்பு பண்ணிட்டனா? தூக்கமே வர்ல.”

“இல்லம்மா. சரியாத்தான் செஞ்சீங்க” என்றேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

இன்னும் செய்யாதவை:

ஆம்புலன்ஸ் கதவுகளில் ஒட்டியிருக்கும் என் வாக்கியத்தைக் கிழித்து, ‘இயல்பாக’ சேர்த்து எழுதுவது.

ஓட்டுநரின் கேள்வியை மருத்துவருக்கு மொழிபெயர்ப்பது.

உப்பளக் கொட்டகையில் நிற்கும் தம்பியின் சைக்கிளை எடுத்துவருவது.

அந்தப் பெண்ணிடம் மீதியைச் சொல்வது.