நேரத்துக்குக் கிளம்பிய விமானம்

திருச்சி விமானம் நேரத்துக்குக் கிளம்பாது என்பதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். விமான நிலையத்தில் எனக்குச் செயல்பாட்டு முகவர் வேலை. பெயரைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். வந்து நிற்கும் விமானத்தைத் துடைத்து, எண்ணெய் நிரப்பி, பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றித் திருப்பி அனுப்பும்வரை எல்லாரையும் விரட்டுகிற வேலை. தாமதமானால் காரணம் சொல்ல வேண்டியவனும் நான்தான். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் இந்தப் புலம்பலையும் சேர்த்துத்தான் சாப்பிட்டுப் போவார்கள். "அது என்னைக்கு லா டைமுக்குப் போயிருக்கு?" என்பேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சென்ற ஆண்டு அப்பா கோயில் நண்பர்களோடு தமிழ்நாட்டுக்கு யாத்திரை போனார். காலமெல்லாம் லோரி ஓட்டிய மனிதர், ஓய்வுக்குப் பிறகு ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் வாசல்படி ஏறும்போது விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கூடப் போனவர் எங்களைக் கூப்பிட்டார். "பேச்சு போயிருச்சு தம்பி. ஆனா கண்ணு முழிச்சிருக்காரு. யாரு உள்ள வந்தாலும் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. யாராச்சும் சீக்கிரம் வாங்க."

எனக்கு விடுப்பு அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லையாம். இருபது வருடமாக இந்த ஊரையே விமானம் ஏற்றி அனுப்புகிறவனுக்கு, பெற்ற அப்பனைப் பார்க்க ஓர் இருக்கை இல்லை. பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் அக்கா போவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல் விமானம். அன்று அந்த விமானத்தைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

அக்காவுக்காக அதை நேரத்துக்கு அனுப்பிக் காட்டுவது என்று காலையிலேயே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அப்பாவுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். விமானம் வந்து நின்றதும் பேய் பிடித்தவன் போல ஓடினேன். துப்புரவுப் பெண்களோடு சேர்ந்து நானே போர்வைகளை அள்ளிப் போட்டேன். எண்ணெய் லோரிக்காரர் எப்போதும் "சிக்கிட் லாகி, பாஸ்" என்று மலாயில் இழுப்பார். அந்த இன்னும் கொஞ்சத்துக்கு முடிவே இருக்காது. அன்று அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். பெட்டி ஏற்றும் பையன்கள், "என்ன அண்ணே, இன்னைக்கு உங்களுக்குக் கல்யாணமா?" என்று கிண்டலடித்தார்கள். எதிலும் குறையில்லை. என் வேலையில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

மேலே பயணிகள் ஏறும் வாசலுக்கு வந்தேன். பயணிகளைச் சரிபார்க்கும் பெண், ஸ்ரீ கெம்பாங்கான் ஊர்க்காரி, திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, எல்லாரும் ஏறியாச்சு. ஒரே ஒரு அக்காதான் குறையுது."

பெயரைப் பார்த்தேன். என் அக்கா.

உடனே கூப்பிட்டேன். மூச்சிரைக்கப் பேசினாள். "கார் பார்க்ல இருக்கேன்டா, இதோ ஓடி வரேன். ராகு காலம் முடிஞ்சப்புறம்தான் வீட்டை விட்டு எறங்குனேன். அப்பா ராகு காலத்துல ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுனாரு, என்னாச்சு பாத்தியா? வழியில வேற ஜாம். அது எப்படியும் லேட்டுதானே?"

நான் பதில் சொல்வதற்குள் வாக்கி டாக்கியில் மேலதிகாரி. கதவை ஏன் இன்னும் மூடவில்லை?

ஒரு பயணி வர வேண்டும் என்றேன். பெட்டி போட்டிருக்கிறாரா என்று கேட்டார். அக்கா கைப்பையோடு வருகிறவள். வீட்டிலிருந்தே போனில் பதிவு செய்துகொண்டவள். பெட்டி இருந்தாலாவது அதைத் தேடி இறக்குகிற சாக்கில் விமானம் நின்றிருக்கும். எண்ணெய் முடிந்ததா? முடிந்தது. துப்புரவு? முடிந்தது. சாப்பாடு? ஏற்றியாயிற்று. என் அக்கா சார், அப்பா கிடக்கிறார் என்று கெஞ்சினேன். அவரும் கெட்டவர் இல்லை. "விமானி கேட்டா நான் என்ன சொல்றது? ஏதாச்சும் ஒரு காரணம் குடு," என்றார்.

என்னிடம் ஒன்றும் இல்லை. தினமும் வண்டி வண்டியாகக் கிடக்கும் காரணங்களில் ஒன்றைக்கூட அன்று நான் மிச்சம் வைக்கவில்லை.

கதவை மூடினோம். கீழே இறங்கி நின்றேன். விமானம் பின்வாங்கித் திரும்பியதும் விமானிக்குக் கையசைத்து விடைகொடுப்பது எங்கள் வழக்கம். கையசைத்தேன். அப்போது வந்த அழுகையைத் தொப்பியை இழுத்து மறைத்துக்கொண்டேன்.

மேலே போனபோது அக்கா வாசல் கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தாள். பூ வைத்த தலை கலைந்து, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீதானேடா சொன்ன, அது டைமுக்கே போகாதுன்னு," என்று மட்டும் சொன்னாள். அவளுக்காகத்தான் அதை விரட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை. வேலைக் குழுவின் வாட்சாப்பில் என் பெயரைப் போட்டு, சரியான நேரத்தில் அனுப்பியதற்காகக் கைதட்டல் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

மறுநாள் விமானத்தில் இடம் கிடைத்தது. அக்கா ராகு காலம் பார்க்கவில்லை. விடியும்போதே வந்து வாசலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நானும் முந்தின நாள் போலவே ஓடவும் கத்தவும் தயாராக நின்றேன். ஆனால் திருச்சியிலிருந்து வர வேண்டிய விமானம் அங்கேயே தாமதமாகத்தான் கிளம்பியிருந்தது. இங்கே நான் எதை விரட்டுவது? கண்ணாடிக்கு வெளியே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

அப்பாவோடு போனவர்தான். அக்கா எடுக்காமல் போனை என்னிடம் நீட்டினாள். விமானம் அப்போதும் வந்திருக்கவில்லை.