மலை வீட்டுக்குக் கட்டிய வேப்பிலை

எங்கள் ஊரில் மலை கிடையாது. வில்லியனூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கரும்பும் நெல்லும்தான். உயரமாக எதையாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஏரிக்கரைமேல் ஏறிக்கொள்ளலாம், இல்லையென்றால் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை வீடு எழும்பியது. எல்லாம் என் சித்தப்பாவின் வேலை.

சித்தப்பா கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பாண்டிச்சேரிக்கு வரும் பெங்களூர்க்காரர்களுக்குக் கடற்கரை சலித்துவிட்டது, வயலுக்கு நடுவே ஒரு மரவீடு இருந்தால் சனி ஞாயிறுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. அவருக்குத் தெரிந்த மரவீடு அந்தக் கொடைக்கானல் காட்டேஜ் ஒன்றுதான். அதை அப்படியே எங்கள் தென்னந்தோப்பில் இறக்கிவிட்டார். பலகைச் சுவர், பனி வழிந்து போவதற்கென்று சரித்த கூரை, உள்ளே குளிர்காய ஓர் அடுப்புகூட உண்டு. சித்திரை வெயிலில் அடுப்பு எதற்கு என்று அம்மா கேட்டாள்.

“அது எரிக்கறதுக்கு இல்ல அண்ணி, போட்டோவுக்கு” என்றார் சித்தப்பா.

ஊரில் எல்லோரும் அதற்கு ‘மலை வூடு’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. அப்பா குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தார். மாதக் கடைசிக்குள் திரும்பி வருகிறாரா இல்லையா என்று அங்கே பதில் சொல்லவேண்டும். ஒரு நாள் சாயங்காலம் மலை வீட்டு ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டே அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “மொத புக்கிங் நல்லபடியா போயிட்டா நான் போவல.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அந்த புக்கிங்கைத் தவிர நினைப்பு கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் போனில் தெரியும் ஒரு முகம். அந்த முகம் இப்போது எங்களோடு உட்கார்ந்து சோறு தின்கிறது, பள்ளிக்கூட வாசலில் பைக்கோடு நிற்கிறது. இது இப்படியே இருக்க வேண்டுமானால், யாரோ முகம் தெரியாத பெங்களூர்க்காரருக்கு எங்கள் மெத்தை பிடிக்க வேண்டும். லூர்து மாதாவிடம் நான் வேறு எதையும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

முதல் புக்கிங் வந்ததும் வீடே தலைகீழாகிவிட்டது. கணவன், மனைவி, ஆக இரண்டு பேர். சித்தப்பா போட்ட சட்டங்கள் ஒன்றா இரண்டா! பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. பங்குக் கோயில் காலண்டர் கூடாது. பூப்போட்ட பெட்ஷீட் கூடவே கூடாது, தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டும். அம்மா வெள்ளை விரிப்பை இஸ்திரி போட்டுப் போட்டு, மேலே ஓர் எறும்பு ஏறினாலும் பதறினாள். பாத்ரூமில் தினமும் ஒரு தவளை வந்து உட்கார்ந்தது. அதை ஏரிக்கரைவரை கொண்டுபோய் விட்டுவருவது என் வேலை. மறுநாள் காலையில் அதேபோல் ஒன்று அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தத் தவளை ஒன்று போதுமே அப்பாவை ஏரோப்பிளேன் ஏற்றிவிட என்று எனக்கு அழுகை வந்தது.

ஆனால் வந்த வினை தவளை இல்லை. விருந்தாளிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் என் நாலு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னதாய் நீர் கோத்த கொப்புளங்கள். டாக்டரிடம் காட்டி, மருந்தும் தடவுவதற்கு ரோஸ் கலர் தைலமும் வாங்கி வந்தார்கள். வந்ததும் அம்மா முதல் காரியமாக வேப்பிலைக் கொத்தை ஒடித்துவந்து தெருவாசலில் செருகினாள்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். அம்மை என்பது கிருமி என்று பங்குச் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் சரி. ஆனால் அம்மை கண்ட வீட்டில் எங்கள் தெருவில் ஜெபமாலையும் வேப்பிலையும் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்கும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிக்கிற வாசனை வரக்கூடாது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்ததும், வெயிலில் வைத்துச் சூடான தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டிலிருந்து யாரும் தூரப் பயணம் போகமாட்டார்கள். இதில் எதையும் அம்மா விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விருந்தாளிகளோ வஞ்சிரம் வறுவல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

“இந்தக் கொத்த எடுத்துடேன். வர்றவங்க பாத்தா ஓடிடுவாங்க” என்றார் அப்பா.

“இன்னாங்க பேசறீங்க? புள்ள கெடக்கற கெடப்ப பாக்கலியா? நான் எடுக்கமாட்டேன்.”

அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. சண்டை போடும் அளவுக்கு அவர்கள் ஒன்றாக இருந்ததும் இல்லை. குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள்.

தீர்த்துவைத்தவர் சித்தப்பா. பெரியவர்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும், வருவது இரண்டு பெரியவர்கள், தம்பியோ வீட்டை விட்டு வெளியே வரப்போவதில்லை, ஆகவே பயமில்லை என்றார். மீனுக்கு மசாலா தடவி அடுத்த தெரு அத்தை வீட்டுக்கு அனுப்பினார். மிச்சமிருந்தது வேப்பிலை. ஒரு வாசலில் மட்டும் இருந்தால்தானே சந்தேகம் வரும்? எல்லா இடத்திலும் இருந்துவிட்டால்? மலை வீட்டு வாசலில், ஜன்னல்களில், வேலிப் படலில், கார் நிறுத்தும் கொட்டகையில், அந்தக் குளிர்காயும் அடுப்புக்கு மேலேகூட, கொத்துக் கொத்தாக வேப்பிலையைக் கட்டித் தொங்கவிட்டார். பெங்களூர்க்காரர்கள் இயற்கை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்களாம். தூக்கிக் கொடுத்தது நான்தான். எவ்வளவு கெட்டிக்காரர் என் சித்தப்பா என்று அப்போது பூரித்துப் போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் கார் வந்தது. இறங்கிய அம்மாள் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். உடனே போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கணவரும் சரிந்த கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா போகமாட்டார்!

காரை ஓட்டிவந்தவர் விழுப்புரம் பக்கத்து ஆள். நெற்றி நிறைய விபூதி. இறங்கியவர் தெருவாசலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். மலை வீட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பிறகு அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

“எத்தினி பேருக்குய்யா வந்துருக்கு?”

“சும்மா டெக்கரேசன்பா” என்று சித்தப்பா குறுக்கே விழுந்தார்.

“டெக்கரேசனா? எந்த ஊர்லய்யா இத வச்சி டெக்கரேசன் பண்றாங்க? ஒரு வூட்டுல ஒரு கொத்து கட்டுவாங்க. இங்க பாத்தா ஊரே படுத்துருக்கற மாரி கீது.”

அந்த நேரம் பார்த்துக் காரின் பின்கதவு திறந்தது. தூங்கி எழுந்த ஒரு சின்னப் பெண், தம்பி வயதுதான் இருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். புக்கிங்கில் இல்லாத மூன்றாவது ஆள். என்னைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். நானும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

“உள்ள போடீ!”

அப்பாதான் என்னைப் பார்த்துக் கத்தினார். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்ததேயில்லை. நான் நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டேன். அந்தப் பெண் பயந்து அழ ஆரம்பித்தாள். அப்பா அவளுடைய அப்பாவிடம் போய், குவைத்தில் கற்ற ஆங்கிலத்தில், வீட்டுக்குள் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். ‘சிக்கன் பாக்ஸ்’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் பாய்ந்து வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். அவர்கள் திட்டவில்லை. அவள் கணவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார். மலை வீட்டின் வெள்ளை விரிப்பில் யாரும் உட்காரவே இல்லை.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். “ஏண்ணா, நீயே போயி சொன்ன? டிரைவர நான் சமாளிச்சிருப்பேன்ல?” அப்பா வேலியிலிருந்த கொத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். தெருவாசலில் அம்மா கட்டியதை மட்டும் தொடவில்லை. வஞ்சிர வறுவலை அத்தை வீட்டுக்காரர்கள் தின்று தீர்த்தார்கள்.

எனக்கு ஆறவேயில்லை. பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் தங்கியிருப்பார்கள், அப்பாவும் இங்கேயே இருந்திருப்பார். அவராகவே போய்ச் சொன்னார் என்றால் அவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? என்மேல் கத்தினதற்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அந்தச் சின்னப் பெண்ணை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அம்மை வீட்டில் அதற்குப் பிறகு எந்த புக்கிங்கும் எடுக்க முடியாது. வந்த ஒன்றிரண்டையும் சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே ரத்து செய்தார். அப்பா போனில் குவைத்துக்கு வருகிறேன் என்று சொன்னார். தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் கிளம்புவதாக ஏற்பாடு. அந்தத் தண்ணீருக்கு அம்மா பானையை எடுத்து வெயிலில் வைத்த அன்று காலை, என் வயிற்றில் முதல் கொப்புளம் கிளம்பியது.

உடம்பெல்லாம் எரிச்சல், அரிப்பு, காய்ச்சல். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அப்பா போகமுடியாது! அவர் என் பாயருகில் உட்கார்ந்து வேப்பங்குழையால் வருடிக்கொடுத்தார். இன்னும் நிறைய வரட்டும், காயாமலே இருக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதா கேட்கவில்லை. முதல் தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டாம் தண்ணீரும் ஊற்றினார்கள். பொருக்கெல்லாம் உதிர்ந்து, தடவினால் வழுவழுவென்று ஆகிவிட்டது.

மூன்றாம் தண்ணீர் அன்று அம்மா என்னை முற்றத்தில் உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றினாள். அவள் விரல் என் முதுகு முழுக்க மெல்லப் போய்வந்தது. பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“இன்னும் சரியா ஆறல போலக்கீது. அடுத்த வாரம் ஊத்தலாங்க.”

ஆறாமல் அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்பா வந்து குனிந்தார். அவர் கையும் என் முதுகில் ஒருமுறை போய்வந்தது. பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

“ஆமா, ஆறல” என்றார் அப்பா. “டிக்கெட்ட மாத்தச் சொல்றேன்.”

ஒரு வாரம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும், வெயில் பளீரென்று அடிக்கும் முற்றத்தில், வழுவழுவென்றிருந்த என் முதுகு இரண்டு பேருக்குமே தெரியாமல் போனது எனக்குக் கவலையாக இருந்தது. குவைத்துக்குப் போவதற்குள் அப்பா ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.