அம்மா கழற்றிய கம்ப்யூட்டர்

நான் ஏழாவது படித்த வருடம் எனக்கு அப்பா என்றால் ஒரு நீல நிறக் கார்.

அசல் அப்பா குவைத்தில் இருந்தார். ஒரு பெரிய கட்டடத்தின் ஏ.சி. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் பள்ளிவிட்டு வேங்கிக்கால் ஸ்டாப்பில் இறங்கி, வீட்டுக்கு ஓடி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அங்கே அவர் அறைத் தோழர் ஒருவரின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பேரும் கார் பந்தயம் ஓட்டுவோம். என்னுடையது மஞ்சள், அவருடையது நீலம். ஹெட்போனில் அவர் குரல் காதுக்குள்ளேயே கேட்கும். "தோ பின்னாடியே வர்றேன் பாரு" என்பார். உண்மையிலேயே பின்னால்தான் வருவார். ஒருமுறையும் முந்தியதில்லை.

சிக்கல் கம்ப்யூட்டரில் இருந்தது. அம்மா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கேள்வித்தாள் தயாரிப்பதற்காக வாங்கியது அது. கேள்வித்தாளுக்கு அது போதும், கார்களுக்குப் போதாது. வளைவு வந்தாலே படம் உறைந்துவிடும். என் மஞ்சள் கார் பாலத்தின் மேல் அப்படியே நிற்கும். நீலக் கார் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அப்பாவின் குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். "அம்மாடி... எங்க இருக்க... அம்மாடி?" நான் இங்கே "அப்பா, இருக்கேன், இருக்கேன்" என்று கத்துவேன். அது அவருக்குப் போய்ச் சேராது.

எதிர்வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் முறையிட்டேன். வீட்டுக்கு வந்து பார்க்கக்கூட இல்லை, கேட் அருகிலேயே நின்று வைத்தியம் சொல்லிவிட்டார்.

"ஆன்டிவைரஸ் ஓடுதா? அதான் வெய்ட்டு. அத ஆஃப் பண்ணு, ஃபயர்வாலயும் ஆஃப் பண்ணு. இந்த பென் டிரைவ்ல ஒரு பூஸ்டர் இருக்கு, அத போட்டுக்கோ. அப்புறம் பாரு, பறக்கும்."

மறுநாள் மாலை பென் டிரைவைச் செருகினேன். உடனே சிவப்பில் ஒரு பெட்டி வந்து, இந்த ஃபைல் ஆபத்தானது, அனுமதிக்கவா என்று கேட்டது. அனுமதிக்கத்தான் போனேன். அதற்குள் பள்ளியிலிருந்து வந்த அம்மா, தோள்பையைக்கூட இறக்காமல் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாள்.

"என்னாடி பண்ற?"

"ஆன்டிவைரஸ் இருக்கறதாலதான் ஸ்லோவா இருக்குதாம். எடுத்துட்டா வேகமா ஓடுமாம்."

"கதவ கழட்டிப் போட்டாகூடதான் காத்து ஜாஸ்தி வரும். கழட்டிடலாமா?"

அந்தக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் பேங்க் கணக்கைப் பார்ப்பாள். அப்பாவின் பாஸ்போர்ட், விசா நகல்கள் அதில்தான் இருந்தன. நான் பிறந்ததிலிருந்து எடுத்த எல்லாப் படங்களும் அதில்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. அழுதுகொண்டே சொன்னேன்:

"உனக்கு அப்பா வேணான்னா பரவால்ல. எனக்கு வேணும்."

அம்மா உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். வெகுநேரம் களைந்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா அழைத்ததும் ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். நான் அழுதபோது சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அப்பா என் கட்சிக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"பூட்டு பூட்டாவே இருக்கட்டும்" என்றாராம். "ஓட்டம் மெதுவா இருக்குன்னா மொதல்ல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்கணும். ஏ.சி.யும் அப்படித்தான். நான் சொல்லச் சொல்ல நீ கழட்டு."

அம்மா அதுவரை மிக்ஸி பிளேடைத் தவிர எதையும் கழற்றியவள் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திருப்புளியோடு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தகடு விலகியதும் உள்ளே பார்த்து, "ஐயோ, தலையணையே தைக்கலாம் போலிருக்கே" என்றாள். ஃபேனில் தூசி அவ்வளவு அடர்ந்திருந்தது. பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டினாள். ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளும்படி அப்பா சொல்லியிருந்தார். அந்த விரல் என்னுடையது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில், அப்பா லேப்டாப்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்வார், அம்மா செய்வாள். கம்ப்யூட்டரைப் போட்டதுமே யாரும் கூப்பிடாமல் எழுந்து உட்காரும் ப்ரோகிராம்கள் ஒரு கூட்டம் இருந்தன. பத்திரிகை வைக்காத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல. அவற்றையெல்லாம் எழுப்பி அனுப்பினாள். படம் காட்டும் கார்டுக்கான புது டிரைவர் ப்ரோகிராமை, அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கினாள். வேறு எங்கிருந்தும் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆன்டிவைரஸ் அப்படியே இருந்தது. அது கம்ப்யூட்டர் முழுவதையும் சோதிக்கும் நேரத்தை மட்டும் ஞாயிறு காலைக்கு மாற்றினாள். எனக்கென்று தனி லாகின் ஒன்று வைத்துக் கொடுத்தாள். அதில் நான் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். புதிதாக எதையாவது ஏற்ற வேண்டுமானால் அம்மாவின் பாஸ்வேர்ட் வேண்டும். எதிர்வீட்டு அண்ணனுக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கடைசியாக ஒரு ரேம் வாங்க வேண்டியிருந்தது. அம்மா டவுனுக்குப் போன மாலை பார்த்துப் பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போகும் கூட்டத்துக்கு எதிராக நடந்து வந்து சேர்ந்தாள். புடவையில் யாரோ சிந்திய பானகம். கைப்பையைத் திறந்து, டிபன் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்த அந்தச் சின்னப் பச்சைப் பட்டையை எடுத்துக் காட்டினாள். பிரசாதத்தைக்கூட அவள் அவ்வளவு பதமாகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சள் கார் பாலத்தைத் தாண்டியது. வளைவில் நிற்கவில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. பக்கத்திலேயே நீலக் கார். அப்பாவின் குரல் முழுசாக, விட்டுப்போகாமல் கேட்டது. "என்னா ஓட்டு ஓட்டற நீ! அப்பாவ வுட்டுட்டுப் போயிடாதடி!" நான் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கழன்று விழுந்தது. எனக்குப் பின்னால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மா அதை எடுத்து, ஒரு கணம் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திரும்ப எனக்கு மாட்டிவிட்டாள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்து சேர்ந்தபோது கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகடு மறுபடியும் தரையில் கிடந்தது. அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்றாள் என்னிடம்.

இல்லை. அது ஓடின ஓட்டம் எனக்குத் தெரியாதா? அதற்கு அடுத்த வாரமும் அதே கதை. ஃபேனில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள். அதற்கும் அடுத்த வாரம், சூடு ஜாஸ்தியாக இருக்கிறதாம். அம்மா அன்றைக்கெல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாமந்தியோ மல்லியோ வைத்துக்கொண்டுதான் திருப்புளியைக் கையில் எடுப்பாள். வெள்ளிக்கிழமையாயிற்றே, ஆயுத பூஜை மாதிரி இதற்கும் ஏதோ சாஸ்திரம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற நாட்களிலும் அப்பா அம்மாவுக்குப் போன் செய்வார்தான். ஆறு பேர் படுக்கும் அறையிலிருந்து பேசுவார். சாப்பிட்டாச்சா, மோட்டார் சரி பண்ணியாச்சா, பாப்பா படிக்கிறாளா என்று கேட்பார். அம்மா "ம்" என்பாள். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திறந்து கிடந்தால்தான் பேச்சு நீளும். அதுவும் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. "எந்த ஒயரு? செவப்பா?" என்று ஆரம்பித்து, அம்மா ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பாள். திருப்புளி மடியில் சும்மா கிடக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, கம்ப்யூட்டர் சூப்பரா ஓடுது. ஒரு ரிப்பேரும் இல்ல. அம்மா சும்மா சொல்றாங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல், ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று தெரியவில்லை.

பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். "இல்லம்மா, அம்மா சொல்றது கரெக்ட்டு. அதுல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. நீ கொஞ்ச நேரம் மாடிக்குப் போயி வெளையாடு. அப்புறம் நாம ரேஸ் ஓட்டலாம்."

போனைக் கொடுத்துவிட்டுப் படியேறினேன். மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். அன்றைக்கு அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. கீழே ஜன்னல் வழியாக அம்மாவின் சிரிப்பு வந்தது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, தெரிந்திருந்தால் எப்போதோ மூடியிருப்பார்கள் என்று அலுத்துக்கொண்டு, அது எப்போது சரியாகும் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தேன்.